ராதாபாய் மீது தவறில்லை

மதுரையில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதை ஊருக்கு முதலில் சொல்வது சுவர்தான். சொந்தக்காரர்களுக்குத் தொலைபேசி போய்ச் சேர்வதற்குள் போஸ்டர் ஒட்டியாகிவிடும். அன்று காலை காளவாசலில் டீ குடிக்க நின்றபோது எதிர்ச்சுவரில் பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றைப் பார்த்தேன். ராதாபாய் என்று பெயர். அடியில் நான் முன்பு வேலை பார்த்த மின்பதிப்பு நிறுவனத்தின் பெயர். நடுவில் இருந்த படம் அங்கே மெய்ப்புத் திருத்தும் அம்மாளுடையது. அவர் அருகில்தான் குடியிருக்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்ததே அந்த அம்மாள்தான்.

"நீயுமா தம்பி? காலையில இருந்து ஒவ்வொருத்தரா மாலையும் கையுமா வாராங்க. நான் உசுரோடதான் இருக்கேன். போனது நம்ம ஸ்டைல்ஷீட் ராதாபாய்ப்பா" என்றவர் அழுதுவிட்டார்.

எனக்குச் செய்தி வந்த விதம் இதுதான். அந்த நிறுவனத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். அலுவலகத்தில் யாரோ கணினியில் பெயரைத் தட்டியிருக்கிறார்கள். முதலில் எந்தப் படம் வந்ததோ அதை எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கொரு பணியாளர் எண் இருக்கிறது. அதைப் பொருத்திப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. "பேரைப் பாக்காத, ஐடியைப் பாரு" என்று அதே கட்டடத்தில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தவரின் சாவுக்கே இதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னும் தீரவில்லை. அஞ்சலிக் கட்டுரையில் கோபம் ஆகாது என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ராதாபாய் அக்கா செல்லூர்க்காரர். சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா தறி நெய்தவர், அண்ணன் கோபாலன் விசைத்தறி வைத்திருக்கிறார். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அலுவலகத் தொலைபேசியில் அண்ணனோடு அவர்கள் வீட்டு மொழியில் பேசும்போது, சண்டை போடுகிறாரா சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்கிறாரா என்று எங்களுக்குப் பிடிபடாது. பெரும்பாலும் இரண்டும்தான் என்று அவரே ஒருமுறை சொன்னார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். அவர் கணிதம் படித்துவிட்டுக் கணினிப் பயிற்சி முடித்திருந்தார். நான் காய்கறிச் சந்தை இருக்கும் பரவையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தேன். வரவேற்பறை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் ஊரைக் கேட்டார். சொன்னேன். "பரவையா? அப்ப தக்காளி வெல ஏறுனா இனிமே உன்னத்தான் கேக்கணும்" என்றார். அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. எங்கள் வீட்டில் தக்காளி போடுவதில்லை, கத்திரிக்காய்தான் என்று சொன்னேன். "அதையும் கேக்கணும்" என்றார்.

நாங்கள் பார்த்த வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் தடித்தடியான புத்தகங்கள் எங்களிடம் வரும். இது அத்தியாயம், இது தலைப்பு, இது அட்டவணை என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இட்டு எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றுவோம். அட்டவணை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி, அதாவது தனி அடையாளக் குறி, கொடுப்போம். பாடத்துக்கு நடுவே "இந்த அட்டவணையைப் பார்க்க" என்று வருமில்லையா, அந்த இடத்திலும் அதே ஐடியை எழுதி வைப்போம். கோப்பைப் பக்கமாக மாற்றும் கட்டளைகளுக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். அது இங்கே இருக்கும் ஐடியையும் அங்கே இருக்கும் ஐடியையும் பொருத்திப் பார்த்து, சரியான எண்ணைத் தானே அச்சிடும். தொட்டால் அந்த அட்டவணைக்கே கொண்டுபோய் விடும். இந்த ஸ்டைல்ஷீட்டை எழுதுவதுதான் அக்காவின் வேலை.

நாங்கள் சேர்ந்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்த ஸ்டைல்ஷீட்டை மூத்த புரோகிராமர் ஒருவர் எழுதியிருந்தார். "அட்டவணையைப் பார்க்க" என்று ஓர் இடத்தைக் கண்டால், அது புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து தேடிக்கொண்டு வரும். அடுத்ததைக் கண்டால் மறுபடியும் முதல் பக்கம். பெரிய புத்தகம் என்றால் காலை டீக்கு ஓடவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் முடியும். அக்கா இரண்டு வாரம் அதைப் பொறுத்துக்கொண்டார். பிறகு, இருக்கும் ஐடி அத்தனையையும் முதலிலேயே ஒருமுறை திரட்டி வைத்துக்கொண்டு, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும்படி மாற்றி எழுதிவிட்டார். அதற்குக் 'கீ' என்று பெயர். "உப்பு டப்பாவை எடுக்கணும்னா ஒவ்வொரு தடவையும் வாசல்ல இருந்து தேடிக்கிட்டா வருவ? அடுப்படியில எது எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்க வேணாமா?" என்று எனக்கு விளக்கினார். அவர் கொண்டுவந்திருந்த முள்ளுமுருங்கை வடையை நாங்கள் தின்று முடிப்பதற்குள் புத்தகம் ஓடி முடிந்திருந்தது.

மூத்தவருக்குக் கோபம். தன்னைக் கேட்காமல் எப்படிக் கை வைக்கலாம் என்று மேலாளரிடம் போய்விட்டார். அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "என்மேல எம்புட்டு வேணாலும் கோவப்படுங்க சார். ஓடுற ஸ்டைல்ஷீட்டு மேல கோவப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. மேலாளர் அதை மறக்கவும் இல்லை.

அக்காவை அன்னை, தெய்வம் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. நன்றாகச் சண்டை போடுவார். மேலாளர் வந்தால் எழுந்து நிற்கமாட்டார். யாராவது சோம்பல்பட்டு அட்டவணை எண்ணைக் கையால் அடித்துவிட்டால், அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிடுவார். "நாளைக்கு ஆசிரியர் நடுவுல ஒரு டேபிள சொருகுனா, நீ அடிச்ச நம்பர் எல்லாம் எங்க போயி நிக்கும்? நீயா போயி ஒவ்வொண்ணையும் திருத்துவ?" என்று கேட்பார். அப்படி ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் அழவைத்துவிட்டார். மறுநாள் அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு பொட்டலம் வடை வந்தது. "வடை வேற, வேலை வேற. எண்ணைக் கையால அடிக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன்.

குழந்தைகளுக்கான மருந்துகள் பற்றிய கையேடு அது. எந்த மருந்து, எந்த எடையுள்ள பிள்ளைக்கு எவ்வளவு என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் அட்டவணைகள். அவசர வேலை என்பதால் அத்தியாயங்களைப் பிரித்து வெவ்வேறு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவும் தன் அத்தியாயத்தின் முதல் அட்டவணைக்கு டி-1 என்று ஐடி கொடுத்தது. அடுத்ததற்கு டி-2. தனித்தனியாக ஓட்டும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. அத்தனையையும் ஒரே கோப்பாக இணைத்தபோது, புத்தகத்தில் எத்தனை அத்தியாயமோ அத்தனை டி-1 இருந்தது. ஒரே ஐடி இரண்டு இடத்தில் வந்தால் காட்டிக்கொடுக்கும்படி அக்கா எழுதி வைத்திருந்த சோதனையை ஓட்டியதும் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

"பாண்டி, இங்க வாயேன்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "எங்க தெருவுல பழைய நம்பர் பதினாலு ஒரு வீடு, புது நம்பர் பதினாலு இன்னொரு வீடு. வெறும் பதினாலுன்னு எழுதுன தபாலு எங்க போகும்? தெருவுல நுழைஞ்சதும் எந்தப் பதினாலு முன்னாடி இருக்கோ அங்க போஸ்ட்மேன் போட்டுட்டுப் போயிருவாரு. இதுவும் அப்படித்தான். அம்புட்டு ரெஃபரன்சும் மொத அத்தியாயத்து டேபிளுக்குப் போயி நிக்கப்போகுது." ஐடிகளின் முன்னால் அத்தியாய எண்ணைச் சேர்க்க வேண்டும், அவற்றைச் சுட்டும் இடங்களையும் அதேபோல மாற்ற வேண்டும். அதற்கான சிறு நிரலை நான் எழுதுவதாகச் சொன்னேன். அதனால் மேலாளரைப் பார்க்க நானும் கூடப் போனேன். அந்த அறையில் நடந்ததை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை, பக்கத்தில் நின்று கேட்டதை எழுதுகிறேன்.

"நாளைக்குச் சாயந்தரம் குடுத்துருவோம் சார்" என்றார் அக்கா.

"இன்னைக்கு அனுப்புறேன்னு சொல்லியாச்சு. ஃபைல் ஓடுதுல்ல?"

"ஓடும் சார். அதான் பிரச்சனயே. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லாம ஓடும்."

"அப்ப அந்தச் செக்கை எடுத்துட்டு ஓட்டுங்க."

"பச்சப் புள்ளைங்களுக்கு மருந்து குடுக்குற புக்கு சார் இது. ஒரு மருந்தோட அளவப் பாக்கப் போனா வேற மருந்தோட டேபிள் வரும். நான் ஓட்ட மாட்டேன்."

"நீங்க ஓட்ட வேணாம். வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். சோதனையை எடுத்துவிட்டு வேறொருவரை விட்டு ஓட்டினார், அன்றே கோப்பு போய்விட்டது. அங்கே பதிப்பகத்தில் ஒரு புண்ணியவான் அச்சுக்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். காய்ச்சல் மருந்தைப் பற்றிய பத்தியைத் தொட்டால் வைட்டமின் சொட்டு மருந்தின் அட்டவணை வந்திருக்கிறது. நல்ல வேளை, புத்தகம் எந்த மருத்துவரின் கைக்கும் போகவில்லை. எங்கள் நிறுவனத்துக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தப் பதிப்பகம் அதோடு எங்களை விட்டுப் போய்விட்டது.

மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். ஸ்டைல்ஷீட் எழுதியவரின் கவனக்குறைவால் வந்த வினை என்றார். அக்கா முன்னால் வந்து, "நான் வேணாம்னு சொன்னேனா இல்லையா சார்?" என்று கேட்டார்.

"ஸ்டைல்ஷீட் யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்புறம் என்ன பேச்சு?"

நான் கையைத் தூக்கி, "சார், அக்கா சொன்னாங்க. நான் கூடத்தான் நின்னேன்" என்றேன். "உன்ன யாரும் கேக்கல" என்றார். கேட்காவிட்டாலும் இன்னொரு முறை சொன்னேன். அந்த வாரமே அக்காவை அனுப்பிவிட்டார்கள். சில மாதங்களில் நானும் வெளியே வந்தேன். தப்புச் செய்தவருக்குப் பதவி உயர்வு வந்தது. அறைக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவும் போட்டார்கள்.

வேலை போனதோடு முடிந்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். மதுரையில் இந்தத் தொழில் நடத்தும் இடங்கள் சிலவே, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அக்கா போகிற இடத்திலெல்லாம் தேர்வில் முதலாவதாக வருவார். பிறகு அவர்கள் பழைய இடத்துக்குத் தொலைபேசி செய்து கேட்பார்கள். பிறகு இவருக்குப் பதில் வராது. ஓர் இடத்தில் மட்டும் ஒரு பெண் மனம் பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். கவனக்குறைவான ஆள், எடுக்காதீர்கள் என்று மேலாளர் சொன்னாராம்.

"வேல போனா மயிரே போச்சுன்னு விட்டுருவேன் பாண்டி. என்னப் போயி கவனக்குறைவுன்னு சொல்றான் பாரு. திமிர் புடிச்சவன்னு சொல்லட்டும், வாய் நீளம்னு சொல்லட்டும், அதெல்லாம் உண்மதான். இது பொய்தானே?" என்று பெரியார் பஸ் நிலையத்தில் வைத்து என்னிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்று கேட்க அவர் அந்த அலுவலகத்துக்கு மறுபடியும் மறுபடியும் போனார். வரவேற்பறை பெஞ்சைத் தாண்டி உள்ளே விடவில்லை. நாங்கள் இருவரும் முதல் நாள் உட்கார்ந்த அதே பெஞ்சுதான்.

கடைசியில் செல்லூரிலேயே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றில் கணினி வேலைக்குச் சேர்ந்தார். போய்ப் பார்த்தபோது சிரிக்கத்தான் செய்தார். "அங்கயாவது மெயில்லதான் திட்டுவான். இங்க தாய்மாமன் பேர வரிசை மாத்திப் போட்டா அருவாள எடுத்துக்கிட்டு வாரான்" என்றார். அந்தக் கடையில் அவர் இருந்தவரை ஒரு தாய்மாமனும் அரிவாளோடு வரவில்லை. அவ்வளவு கவனம்.

சில நாட்களாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கடையில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருக்கிறார். மூளையில் ரத்தக்கசிவு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் நினைவு திரும்பவில்லை. நாற்பதைத் தாண்டி ஓரிரு வயதுதான்.

போஸ்டரைப் பார்த்த அன்று காளவாசலிலிருந்து நேராகச் செல்லூருக்குப் போனேன். தெருவில் தறிச் சத்தமே இல்லை, அக்காவுக்காக எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோய் முடித்துத் திரும்பியதும் கோபாலன் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்லா வேல பாத்த புள்ள தம்பி. அந்தக் கம்பெனியில கவனமில்லாம ஒரு தப்பு பண்ணிட்டா. அதோட அவ வாழ்க்கையே போச்சு" என்றார்.

என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தெரு என்றும் பார்க்காமல், துக்க வீடு என்றும் பார்க்காமல், குரலை உயர்த்தியே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எக்ஸ்எம்எல் தெரியாது. பழைய நம்பர், புது நம்பர் என்று அக்கா எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். மேலாளரின் அறையில் நடந்ததையும் சொன்னேன்.

"இதையேதான் தம்பி எங்கிட்ட அவளும் சொன்னா. அம்புட்டுப் பெரிய கம்பெனி பொய் சொல்லுமா, நீதான் வாயக் குடுத்துக் கெடுத்துருப்பன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல" என்றவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு அந்த மனிதர் மீது கோபம் வரவில்லை. கூடப்பிறந்தவனையே இப்படி நம்பவைத்தார்களே, அவர்கள் மீதுதான் வந்தது.

காரியத்தன்று மேலாளர் வந்தார். கார் தெருவுக்குள் நுழையாததால் முனையில் இறங்கி நடந்து வந்தார். பெரிய ரோஜா மாலை. அக்காவின் படத்துக்கு அதைப் போட்டுவிட்டு, கும்பிட்டு நின்று, வந்திருந்தவர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். ராதாபாய் எங்கள் நிறுவனத்தின் தூண், அவரைப் போன்ற திறமைசாலியைப் பார்க்க முடியாது, ஈடு செய்ய முடியாத இழப்பு. நான் எழுவதற்குள் கோபாலன் அண்ணன் எழுந்துவிட்டார்.

"சார், வந்ததுக்கு ரொம்ப நன்றி. ஒரே ஒரு வார்த்த மட்டும் சொல்லிட்டுப் போங்க. எல்லாரும் இருக்காங்க. அந்த மருந்து புக்கு விஷயத்துல எங்க ராதா மேல தப்பு இல்லைன்னு சொல்லிருங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அதெல்லாம் முடிஞ்சுபோன கத. இந்த நேரத்துல எதுக்குண்ணே?" என்றார்.

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு சார். அவ வந்து சொன்னப்ப நான் நம்பல. கூடப்பொறந்தவனே நம்பலைங்கற நெனப்போட போயிட்டா. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

"அது ஆபீஸ் விஷயம். நான் மட்டும் முடிவு பண்ணி எதுவும் சொல்ல முடியாது. புரிஞ்சுக்கங்க."

அண்ணன் அதற்குமேல் வாதாடவில்லை. படத்தின் பக்கத்தில் போய் நின்றார். ரோஜா மாலையை இரண்டு கைகளாலும் மெதுவாகக் கழற்றினார். வீட்டுப் பெண்கள் பதறி எழுந்தார்கள். செத்தவர் படத்திலிருந்து மாலையை எடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மாலையைக் கொண்டுவந்து மேலாளரின் கையில் வைத்தார்.

"கொண்டு போங்க சார். சொல்றதுக்கு என்னைக்கு மனசு வருதோ, அன்னைக்கு வந்து போடுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவ்வளவு பெரிய மாலையைக் கக்கத்திலும் இடுக்க முடியாது, கீழேயும் போட முடியாது. தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருக்க, அதை நெஞ்சோடு அணைத்தபடி மேலாளர் கார் வரைக்கும் நடந்து போனார். சொல்ல வேண்டியது நான்கு சொற்கள்தான். அதைச் சொல்வதைவிட இது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

அக்கா, இதை எழுதும் வரை அவர் வரவில்லை. வருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உங்கள் படம் மாலை இல்லாமல்தான் மாட்டியிருக்கிறது. அண்ணன் வேறு மாலை போடவும் விடவில்லை, வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்கிறார். செல்லூரில் பாதித் தெருவுக்கு இப்போது உங்கள் மீது தவறில்லை என்று தெரியும். மீதித் தெருவுக்கும் அவர் சொல்லிவிடுவார். அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்த காளவாசல் பக்கம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்.